ஆயுத பூஜைக்குக் கழுவிய தரை

என் மனைவி ஸ்கூடாய் நகரில் எங்கள் வீட்டிலேயே பரதம் சொல்லிக்கொடுக்கிறாள். எங்களுடையது மூலைவீடு. பக்கத்தில் கிடந்த வெற்று நிலத்தில் நீளமான ஓர் அறையை இழுத்துக் கட்டி, சிமெண்டின் மேல் டைல்ஸ் பதித்திருந்தோம். பல வருடங்கள் அவள் அந்தத் தரையில்தான் பாதம் தட்டி ஆடினாள். பிறகு வலது முழங்கால் வீங்கத் தொடங்கியது. எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டி, சிமெண்டில் தட்டுவதை நிறுத்தினால் இன்னும் நெடுநாள் ஆடலாம், இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டிவரும் என்றார். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவளால் அது முடியாது. தன் பாதம் விழும் ஓசையைக் கேட்டால்தான் பிள்ளைகளின் பாதம் படியும் என்று நம்புகிறவள்.

அதனால் மரத்தரை போட்டோம். சிமெண்டின் மேல் சட்டங்கள், சட்டங்களின் மேல் கெம்பாஸ் மரப் பலகைகள். ஒரு பலகையின் விளிம்பு நாக்கைப்போல் நீட்டியிருக்கும். அடுத்த பலகையின் விளிம்பில் அதற்கான பள்ளம் இருக்கும். ஒன்று மற்றொன்றுக்குள் நுழைந்து உட்காரும். அடியில் காற்று இருப்பதால் பாதம் விழும்போது தரை மயிரிழை அளவு கீழே போய்த் திரும்பி வரும். அந்த மயிரிழைதான் அவளைக் காப்பாற்றியது. சில மாதங்களில் முழங்கால் வீக்கம் வடிந்து, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறத் தொடங்கினாள்.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவன். எது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று குறித்துவைப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. அறையின் சுவரில், காற்றிலுள்ள ஈரத்தைக் காட்டும் சிறு கடிகாரம் போன்ற கருவி ஒன்றை மாட்டினேன். காலையில் தேநீர்க் கோப்பையோடு போய் அதைப் பார்த்துவிட்டு, குனிந்து பலகைகளின் இடுக்குகளையும் பார்ப்பேன். எங்கள் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. ஓர் அட்டையின் மூலையை இடுக்கில் செருகிப் பார்ப்பது என் வழக்கம். மழை இல்லாமல் வெயில் காய்ந்த வாரங்களில் அட்டை தாராளமாக நுழைந்தது. மாலை தவறாமல் மழை பெய்த வாரங்களில் செய்தித்தாளின் ஓரம்கூட நுழையவில்லை. யாரும் அந்தத் தரையைத் தொடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் விழவில்லை. வெறும் காற்று மாறியதற்கே அது திறந்து மூடியது.

அதிலும் ஒரு விசித்திரம் இருந்தது. பலகைகள் தலைமாட்டில் சந்திக்கும் இடுக்குகள் எந்தக் காலத்திலும் மாறவில்லை. மாற்றமெல்லாம் பக்கவாட்டில்தான். மரம் காட்டில் நின்றபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய குழல்கள் பலகைக்குள் நீளவாக்கில் இன்னும் இருக்கின்றன, அவற்றின் சுவர்கள் ஈரத்தை வாங்கிப் பருக்கும்போது பலகை அகலத்தில் வளர்கிறது, நீளத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்று பின்னர் படித்தேன். காரணம் தெரிந்த பிறகு வியப்பு அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. வெட்டி, அறுத்து, சூளையில் உலர்த்தி, இழைத்து, வார்னிஷ் பூசிய பிறகும் ஒரு மரம் வானத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்பதை நான் என் காலடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலகைகள் அறையின் நீளத்துக்கு ஓடின. ஆகவே அவை வளர்ந்தால் இடச்சுவரையும் வலச்சுவரையும் நோக்கித்தான் வளர வேண்டும். தரை போட்டவர்கள் இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி விட்டு, அது தெரியாதபடி சுவரடியில் மரப்பட்டி அடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு வலச்சுவரை ஒட்டி நடராஜருக்கு ஒரு மேடை கட்டினோம். செங்கல் வைத்து, சிமெண்டு பூசி, மேலே கறுப்புக் கருங்கல் பலகை. கோயில் வேலை செய்கிற மேஸ்திரி கட்டிக்கொடுத்தது. மேடை நேராகப் பலகைகளின் மேலேயே, சுவரை ஒட்டினாற்போல் உட்கார்ந்தது. பார்க்க மிக அழகாக இருந்தது.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். என் மனைவியின் அப்பா சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் தோட்டத்து லோரி ஓட்டியவர். ஆயுத பூஜைக்கு முன் அந்த லோரியைக் குழாய் வைத்து, சக்கரத்திலிருந்து வடியும் தண்ணீர் தெளிகிறவரை கழுவுவாராம். துடைத்தால் அது கழுவியதாகாது. கருவியின் மேல் தண்ணீர் ஓட வேண்டும். அவர்கள் வீட்டில் இன்றைக்கும் அரிவாள்மணையிலிருந்து தையல் மெஷினின் இரும்பு மிதி வரைக்கும் அப்படித்தான். கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி முன்னால் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில்தான் திறந்து, கருவியைக் கையில் எடுப்பார்கள். அதுவரை அதற்கு ஓய்வு. நடுவில் போய்த் தொடக்கூடாது.

முந்தைய வருடங்களில் சலங்கைகளையும் தட்டுக்கழியையும் தாளத்தையும் வைத்துப் படைப்போம். தரை போட்ட பின் வந்த முதல் ஆயுத பூஜை அது. அவள் வாளியோடு அறைவாசலில் நின்றாள். மரத்துக்குத் தண்ணீர் ஆகாதே என்று நான் சொன்னதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது.

“லோரிக்காரங்க லோரிய கழுவுறாங்க. நான் பொழைக்கிறது இந்தத் தரையிலதானே. இத மட்டும் ஈரத்துணியால தொடச்சிட்டு விடச் சொல்றீங்களா?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பெரிய மாணவிகள் வந்தார்கள், அவர்களுடைய அம்மாக்கள் வந்தார்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளினோம். நானும் ஊற்றினேன். தரை ஈர வெளிச்சத்தில் கருஞ்சிவப்பாக மின்னியது. எல்லோரும் நின்று பார்த்தோம். பிறகு மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, கருவிகளைப் படைத்து, சூடம் காட்டி, ஜன்னல்களையும் கதவையும் அடைத்தோம். ஏற்கெனவே சில வாரங்களாக மாலை மழை. இடுக்குகளில் அட்டை நுழையாத காலம். அதன்மேல் இந்தத் தண்ணீரும், காற்றுப் போக்கில்லாத ஓர் இரவும்.

விஜயதசமி காலையில் கதவைத் திறந்ததும் அவள் உள்ளே போகவில்லை. எட்டிப் பார்த்த எனக்கும் முதலில் என்ன பார்க்கிறோம் என்று புரியவில்லை. அறையின் நடுவில் தரை எழுந்து நின்றது. குப்புறக் கவிழ்த்த புத்தகத்தைப்போல் இரண்டு பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, அறையின் பாதி நீளத்துக்கு ஒரு கூரை முகடு. அதன் அடியில் பூஜைச் செம்பு ஒன்றைப் படுக்கவைத்துத் தள்ளிவிடலாம். மற்றப் பலகைகளின் விளிம்புகளெல்லாம் மேலே வளைந்து, ஒவ்வொன்றும் ஆழமில்லாத தொட்டியாகியிருந்தது. நான் மண்டியிட்டு முகட்டில் கை வைத்தேன். உடம்பின் எடையைக் கொடுத்து அழுத்தினேன். சுவரைத் தள்ளுவதுபோல் இருந்தது.

அவள் முழங்காலில் கை வைத்துக்கொண்டாள். அன்று முற்பகல் முழுக்க அந்தக் கை அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குப் புதுப்பிள்ளைகள் சேரும் நாள். வெற்றிலை பாக்குத் தட்டுகளோடு அம்மாக்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் கார் போர்ச்சில் நிறுத்திவிட்டு, அன்றைக்கு அடவு எதுவும் வேண்டாம், வணக்கம் மட்டும் போதும் என்று முடிவு செய்தாள். மிதிக்கப் போவதற்காகப் பூமியிடம் மன்னிப்புக் கேட்கும் வணக்கம் அது. ஆட்டத்தில் எல்லாவற்றுக்கும் முதலில் வருவது. பிள்ளைகள் வரிசையாக நின்று குனிந்து கார் போர்ச்சின் சிமெண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் அம்மா மட்டும் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“டீச்சர், அடியில புத்து எழும்புதோ என்னமோ. பால் கொண்டுவந்து ஊத்தவா?”

இதற்குள் நான் தரை போட்ட கடைக்குத் தொலைபேசியில் பேசியிருந்தேன். படத்தை அனுப்பச் சொன்னார்கள். பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுச் சிமெண்டின் மேல் வினைல் ஒட்டிவிடலாம், தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். அவர்கள் சொன்னது நல்ல எண்ணத்தோடுதான். ஆனால் வினைலுக்கு அடியில் காற்று கிடையாது. அது மறுபடியும் சிமெண்டுதான். அவளிடம் சொன்னபோது கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிற அவளுடைய தம்பி செய்தி கேட்டு மதியத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தான். அவன் பார்ப்பது மேஜை நாற்காலி. தரை அவனுக்குப் பழக்கமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டான். வாசலில் நின்று முகட்டைப் பார்த்தான்.

“அலாமாக்! என்னா மச்சான், தரைக்கு எத்தன மாசம்?”

“வாயக் கழுவுடா. இன்னைக்கு விஜயதசமி,” என்றாள் அக்கா.

“கழுவித்தானக்கா இப்படி ஆயிருக்கு.”

அவள் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் தடவை. பால் கொண்டுவரப் புறப்பட்ட அம்மாவையும் அவன்தான் தடுத்து, கைகூப்பி, இனிமேல் எதையும் ஊற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

இடச்சுவரின் அடிப்பட்டியைக் கழற்றிப் பார்த்தான். ஒரு விரல் இடைவெளி மறைந்து, கடைசிப் பலகை சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. வலப்பக்கம் போனான். மேடையைத் தட்டினான், குனிந்தான், தன் கைப்பேசி விளக்கை மேடைக்கும் சுவருக்கும் இடையில் அடித்தான். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். மேடைக்குப் பின்னால் சுவரின் பூச்சு அரையடி நீளத்துக்கு வெடித்து உதிர்ந்திருந்தது. நானும் மேஸ்திரியும் சேர்ந்து அசைக்க முடியாத அந்த மேடையைப் பலகைகள் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரில் இடித்திருந்தன. ஊற்றியதில் பெரும்பகுதியைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டோம். இடுக்குகளில் இறங்கி எங்கள் கண்ணுக்குத் தப்பிய மிச்சம் செய்த வேலை இது. பாறையில் வரிசையாகத் துளையிட்டு, காய்ந்த மர ஆப்புகளை இறுக்கி, தண்ணீர் ஊற்றி, ஆப்பு பருக்கும் வேகத்தில் பாறையையே பிளப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கதை என்று நினைத்திருந்தேன். அந்தச் சுவரைத் தொட்டபோது அது கதையல்ல என்று தெரிந்தது.

அவன் சொன்னதன் சாரம் இதுதான்: ஒரு பக்கம் சுவர் தடுக்கிறது, மறுபக்கம் பலகைகளின் மேல் உட்கார்ந்து சுவரில் முட்டிய மேடை தடுக்கிறது, போக இடமில்லாததால் மரம் மேலே போயிருக்கிறது. மேடையை எடுத்தால் பக்கவாட்டில் மூச்சு விடும். பிறகு மெல்ல மெல்ல உலர்ந்தால் திரும்பி இறங்கலாம்; இறங்காமலும் போகலாம். இறங்காவிட்டால் தானே வந்து கழற்றித் தருவதாகச் சொன்னான்.

மேடையை எடுப்பதென்றால் உடைப்பது. அதுவும் விஜயதசமியன்று, முந்தின நாள் மாலை போட்டுப் படைத்த இடத்தை. நான் அவளைப் பார்த்தேன். நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தம்பியே இழுத்தான். அவள் முகட்டைச் சுற்றிக்கொண்டு போய் நடராஜர் முன்னால் நின்றாள்.

“அவரும் ஆடுறவர்தானே. தரைக்காகக் கொஞ்சம் நகர்ந்து நிக்கமாட்டாரா?”

அவளே சிலையை மாலையோடு தூக்கி என் கையில் கொடுத்தாள். கூடத்தில் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் அவரை இறக்கிவைத்தேன். தம்பி சுத்தியலும் உளியும் கொண்டுவந்தான். கருங்கல்லைப் பெயர்த்து எடுத்து, செங்கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கடைசி வரிசையில் கை வைத்தபோது அறைக்குள் பட்டாசு வெடித்ததுபோல் ஓர் ஓசை. தம்பி சுத்தியலைப் போட்டுவிட்டு வாசலுக்குத் தாவினான். பலகைகள் எங்கள் கண்ணெதிரே வலச்சுவரை நோக்கிச் சறுக்கின. முகடு ஒரு தடவை நடுங்கிப் பாதி உயரத்துக்கு இறங்கியது. அதன் பிறகும் சிறுசிறு முறிவுச் சத்தங்கள், அங்கொன்று இங்கொன்று, யாரோ நடந்து போவதுபோல். மூன்று பேரும் வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றோம். மரம் தன் வேகத்தில் தானே நகர்வதை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. காட்டிலும் பார்த்திருக்க முடியாது.

அதன் பிறகு காத்திருப்புதான். அவன் சொல்லிவிட்டுப் போன விதிகள் எளிமையானவை; கடைப்பிடிப்பது கடினம். ஏர்கோண்ட் போட்டு அறையைக் குளிர வைக்கக்கூடாது. மேற்புறம் சீக்கிரம் காய்ந்து அடிப்புறம் ஈரமாக நின்றால் பலகை வேறு விதமாகக் கோணிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து, மெதுவான விசிறி மட்டும். முகட்டின் மேல் எடை வைக்கக்கூடாது. அரிசி மூட்டைகளை வரிசையாக அடுக்கிவிடலாமா என்று அவள் கேட்டபோது, “மரம் தன்னால எறங்கணும்க்கா, மிரட்டினா நாக்கு ஒடிஞ்சிடும்,” என்று தடுத்துவிட்டான்.

வேலைக்குப் போகுமுன் தினமும் ஒரு நேர்ச்சட்டத்தை முகட்டின் குறுக்கே வைப்பேன். சட்டத்துக்கும் தாழ்ந்த பலகைக்கும் இடையில் எத்தனை கல்யாணப் பத்திரிகை நுழைகிறது என்று பார்ப்பேன். முதலில் ஒரு கட்டு முழுவதும் நுழைந்தது. பிறகு கட்டு மெலிந்தது. இடையில் தொடர்ந்து மழை பெய்த சில நாட்களில் கட்டு மறுபடியும் தடித்தது. அந்த நாட்களில் அவள் என்னிடம் அளவு கேட்கமாட்டாள். நான் அட்டைகளை மேஜைமேல் வைக்கும் சத்தத்திலேயே தெரிந்துகொள்வாள். வெயில் வந்ததும் மீண்டும் இறங்கியது. யாரும் அதற்கு எதுவும் செய்யவில்லை என்பதுதான் என்னால் நம்ப முடியாதது. தான் வாங்கிய தண்ணீரைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தொட்டிபோல் வளைந்த பலகைகள் தங்கள் பழைய உருவத்தை எங்கோ வைத்திருந்து, ஒவ்வொரு நாளும் அதை நோக்கிக் கொஞ்சம் திரும்பின. காதைப் பலகையில் வைத்தால் சிலசமயம் நகம் கிள்ளுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும்.

ஆனால் வகுப்புகளை நிறுத்த முடியவில்லை. கார் போர்ச்சில், சிமெண்டின் மேல், அவள் தட்டினாள். வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. தரை வற்றிக்கொண்டே வர, அவளுடைய முழங்கால் வீங்கிக்கொண்டே வந்தது. மாலையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தீபாவளி விடுமுறை முடிவதற்குள் தரை இறங்காவிட்டால் சின்னப் பிள்ளைகளை வேறொரு ஆசிரியரிடம் அனுப்பிவிடலாம் என்றாள். பெரிய மாணவிகளுக்கு மட்டும் உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுக்கலாம். அவள் அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. கணக்குப் போட்டு முடித்துவிட்டவள்போல் சொன்னாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தீபாவளி கழிந்து தம்பி வந்தான். முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டே தரையைப் பார்த்தான்; பிறகு டின்னை மூடிவைத்துவிட்டு எஃகு ஸ்கேலை எடுத்தான். முகடு இருந்த இடத்தில் பலகைகள் படுத்திருந்தன. நாக்கு பள்ளத்துக்குள் திரும்பியிருந்தது. விளிம்புகளில் மட்டும் மெல்லிய மேடு, ஸ்கேலுக்கு அடியில் கீற்றாக வெளிச்சம். அதை இப்போது இழைக்கக்கூடாது என்றான். உள்ளே இன்னும் ஈரம் இருக்கும், இழைத்துவிட்டால் முழுவதும் காய்ந்த பிறகு பலகையின் நடு மேடாகிவிடும். மழைக்காலம் போய் அடுத்த வெயிலில் பார்க்கலாம் என்றான்.

அவள் கேட்டது ஒன்றுதான், தட்டலாமா என்று.

“என் ஸ்கேலுக்கு சரி. உன் காலுக்கு என்னன்னு எனக்குத் தெரியாதுக்கா. நீதான் சொல்லணும்.”

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் போய் நின்றாள். சலங்கை கட்டவில்லை. அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவைத் தொடங்கினாள். மெதுவான முதல் காலம். நான் தரையைப் பார்க்கவில்லை, அவளுடைய வலது முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் காலம். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பலகை பொத்தென்று வேறு குரலில் பேசியது. அவள் அந்த இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி தட்டினாள்; தம்பி சாக்கட்டியால் அங்கே ஒரு கோடு போட்டான், ஆணி விட்டிருக்கும், திருகு போட்டுவிடலாம் என்று. மூன்றாம் காலத்தில் ஓசை அறையை நிறைத்தது. பலகைகள் அவளுடைய பாதத்தை வாங்கி, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன.

நிறுத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். முழங்காலைச் சுற்றி விரல்களால் அழுத்திப் பார்த்தாள். நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

“வலிக்குது,” என்றாள். “ஆனா இது கார் போர்ச்சு குடுத்த வலி. இந்தத் தரை ஒண்ணும் செய்யல. சின்னப் பிள்ளைங்கள உள்ள வரச் சொல்லுங்க.”

நான் பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பக் கைப்பேசியை எடுத்தேன். தம்பி சுவரடிப் பட்டியை இடைவெளி விட்டு மறுபடி பொருத்த ஆணி தேடிக்கொண்டிருந்தான். அவள் எழுந்திருக்கவில்லை, காய்ச்சல் விட்டதா என்று பார்ப்பதுபோல் உள்ளங்கையைப் பலகைமேல் விரித்து வைத்திருந்தாள். வெளியே வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது. சுவரிலிருந்த கருவியின் முள் ஏறிக்கொண்டிருந்தது. பலகைகள் மறுபடி அகலத் தொடங்கியிருக்கும். இம்முறை இரண்டு பக்கமும் அவற்றுக்குப் போக இடம் இருந்தது.